விலைதானே கேட்டோம்!

“விலைதானேம்மா கேட்டோம்? ஆர்டர் எப்போ குடுத்தோம்?”

ஐயாயிரம் மஞ்சப்பை. துணி வெட்டி, தைத்து, காது வைத்து, அவர்கள் கடைப் பெயரோடு இரண்டு பக்கமும் அச்சடித்து, நூறு நூறாகக் கட்டி, திருவெண்ணெய்நல்லூரிலிருந்து குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய் அந்த ஜவுளிக்கடையின் பின்வாசலில் நிற்கிறேன். கொள்முதல் மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் கேட்ட கேள்வி இது.

பையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எழுதி அனுப்பியதே அவர்தான். மேலே கடைப் பெயர், நடுவில் ‘ஆடித் தள்ளுபடி’, கீழே இரண்டு போன் நம்பர், மறுபக்கம் ‘நன்றி, மீண்டும் வருக’. சிவப்பும் பச்சையுமாக. அந்தப் பச்சைகூட அவர் கேட்ட பச்சை. முதலில் நான் போட்டது வெளிறிக் கிடக்கிறது, இன்னும் அடர்த்தியாக வரட்டும் என்றார். ஸ்கிரீனைக் கழுவி, மையை மறுபடி கலந்து, ஒரு பையில் அடித்துக் காயவைத்துப் படம் பிடித்து அனுப்பினேன். சும்மா விலை விசாரிக்கிறவருக்குப் பச்சை எவ்வளவு அடர்த்தியாக இருந்தால் என்ன?

எனக்கு வயிறு எரிகிறது. எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

2019 ஜனவரி 1ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. அதுவரை ஜாக்கெட்டும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு கதவு. குழுக் கடன் எடுத்து இரண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், அச்சடிக்க ஒரு நீள மேசை. ஈரோட்டிலிருந்து காடாத் துணி சாயம் போட்டு வரும். நான்கு பெண்கள் பீஸ் கணக்கில் தைக்கிறார்கள். கல்யாணத் தாம்பூலப் பை, கோவில் விழாவுக்குப் பை, மளிகைக்கடைப் பை என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இந்தப் பெரிய கடை கூப்பிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போனில் விசாரித்தார்கள். மாதிரிப் பையை பஸ்ஸில் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் விலை எழுதினேன்: ஒரு பை 20 ரூபாய். அவர் பதில்: “20 கட்டாது. 18 போடுங்க. 5000 பீஸ். ஆடி பொறக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி சரக்கு இங்க இருக்கணும்.” கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூலியும் துணியும் மையும் போனால் என் கையில் நிற்பது சொற்பம். பெரிய கடை, தொடர்ந்து வேலை வரும் என்று நினைத்து எழுதினேன்: “சரி சார். 18 ரூபாய். 5000. தேதிக்குள்ள தர்றேன்.” அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் போட்டார். பிறகு டிசைன் வந்தது. பிறகு பச்சை. பிறகு, “ஓகே, போடுங்க.” அதற்கும் பிறகு, இதை மட்டும் யாரும் மறக்காதீர்கள், குரல் பதிவு ஒன்று வந்தது: “ஏம்மா, தேதி தவறினா சரக்கு எடுக்க மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்.”

ஆர்டரே தராதவர் எந்தச் சரக்கை எடுக்க மாட்டேன் என்று மிரட்டினார்?

தேதி தவறவில்லை. கரண்ட் போன ராத்திரியில் எமர்ஜென்சி லைட் வைத்துத் தைத்தார்கள் அந்தப் பெண்கள். கொண்டு போனபோது பின்வாசல் ஓரமாக வேறு பைக்கட்டுகள் அடுக்கியிருந்தன. பார்க்கத் துணி மாதிரி இருக்கும், தொட்டால் மொரமொரவென்று இருக்கும் நான்-ஓவன் பை. தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் இருக்கிற பிளாஸ்டிக் சமாச்சாரம் அது. என்னுடையதைவிட மலிவு. புரிந்துவிட்டது எனக்கு. அவரிடம் கேட்டேன், சார், நீங்க போட்ட மெசேஜ் இருக்கே என்று. தன் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, “எங்க போன்ல அப்படி எதுவும் இல்லியேம்மா” என்றார். வாட்ஸ்அப்பில் தன் பக்கத்தை மட்டும் அழித்துவிட்டால் எதிராளியின் போனிலும் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருவெண்ணெய்நல்லூர் என்றால் சிலர் கம்பரைத் தாங்கிய சடையப்ப வள்ளலைச் சொல்வார்கள், சிலர் மெய்கண்டாரைச் சொல்வார்கள். ஆனால் இந்த ஊர் ஒரு வழக்கு நடந்த ஊர். அதுவும் பத்திர வழக்கு. புத்தூரில் சுந்தரர் கல்யாணத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். கிழவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் சீறுகிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்து எறிகிறார். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது, வா வெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு என்று இழுத்துவருகிறார். சேக்கிழார் அந்த விசாரணையை எப்படி எழுதியிருக்கிறார் தெரியுமா! அனுபவத்தில் இருக்கும் வழக்கம், ஆவணம், கண்ட சாட்சி என்று சான்று மூன்று வகை என்கிறார்கள். ஓலையைச் சபையில் வாசிக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து சரிதானா என்று பார்க்கிறார்கள். அதோடு விடவில்லை. பாட்டன் வேறு எதிலாவது எழுதிய எழுத்து இருந்தால் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கிறார்கள். வந்திருப்பவர் சிவபெருமான். அவருக்கே அங்கே சலுகை இல்லை, மூல ஓலையைக் காட்டித்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. வழக்கு வென்ற அம்பலம் என்றே ஒரு மண்டபத்தை இன்றும் கோவிலில் காட்டுகிறார்கள்.

அந்த ஊர்க்காரியிடம் வந்து, என் போனில் மெசேஜ் இல்லை என்கிறார் மேனேஜர். நீங்கள் அழித்தது படி ஓலை சார்.

தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர் விழுப்புரத்தில் இருக்கிறார். போனை வாங்கி மேலிருந்து கீழே ஒருதரம் தள்ளிப் பார்த்தவர், “இதுல சந்தேகமே இல்லடி, இது ஒப்பந்தம்தான்” என்றார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் இன்னதைச் செய்கிறேன் அல்லது கொடுக்கிறேன் என்று இன்னொருவரின் சம்மதத்தைக் கேட்டுச் சொல்வது முன்மொழிவு. அவர் சம்மதித்தால் ஏற்பு. அந்தச் சம்மதம் முழுசாக, நிபந்தனை எதுவும் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. நான் 20 ரூபாய் என்றது ஒரு முன்மொழிவு. அவர் 18 என்றதும் என்னுடையது செத்துவிட்டது. 18 ரூபாய், 5000 பை, இந்தத் தேதி என்று அவர் வைத்தது புது முன்மொழிவு. அதில் எதையும் மாற்றாமல் நான் ‘சரி’ என்றேன். அங்கேயே கட்டு விழுந்துவிட்டது. முன்மொழிந்தவர் மனசு மாறலாம், ஆனால் எதிராளி ஏற்றுக்கொண்டு அது அவருக்கு எதிராக முழுமை பெறுவதற்கு முன்னால்தான் மாறலாம், அதன் பிறகு பின்வாங்க முடியாது என்கிறது 5ஆம் பிரிவு. இந்த மாதிரி சரக்கு வியாபாரத்துக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், வாயால் சொன்னதே செல்லும் என்றார் அக்கா.

நான் நம்பவில்லை. பெரிய கடைக்காரனை வாட்ஸ்அப்பை வைத்துக் கட்டிப்போட முடியுமா என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. 2010இல் டிரைமெக்ஸ் என்ற கம்பெனிக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் வழக்கு. கப்பல் கப்பலாக பாக்சைட் தாது வாங்குகிற வியாபாரம். பேச்சு முழுக்க ஈமெயிலில்தான் நடந்தது. முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தே ஆகவில்லையே, ஆகையால் ஒப்பந்தமே இல்லை என்றது வேதாந்தா. முக்கியமான விஷயங்கள் எல்லாம் மெயிலிலேயே பேசி முடிந்துவிட்டன, ஒப்பந்தம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் மின்னணு வழியில் செய்துகொண்டது என்பதற்காக மட்டும் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்கிறது. கட்டைவிரல் படத்தைப் பற்றிக் கேட்டேன். கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தில் 2023இல் அதற்கும் தீர்ப்பு வந்திருக்கிறதாம். ஆளி விதை வாங்குகிற கம்பெனி ஒப்பந்தத்தைப் படமெடுத்து விவசாயிக்கு அனுப்பியது, அவர் கட்டைவிரலைப் போட்டார், விலை ஏறியதும் விதையைக் கொடுக்கவில்லை. அந்தக் கட்டைவிரல் சம்மதம்தான் என்று 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னது கோர்ட்.

கேட்டதும் சந்தோஷம் வரவில்லை எனக்கு, ஆத்திரம்தான் வந்தது. அங்கே கட்டைவிரல் போட்டு மாட்டியவன் விவசாயி. வாங்குகிற கம்பெனி விடாமல் துரத்தி வசூலித்தது. இங்கே கட்டைவிரல் போட்டது பெரிய இடம், துரத்த வேண்டியது நான். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, குழுவுக்குத் தவணை கட்டிக்கொண்டே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னிடம் தைக்கிற பெண்களுக்கு நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. பைக்கு இவ்வளவு என்றேன், “சரிக்கா” என்றார்கள். அவ்வளவுதான். சரக்கு திரும்பி வந்த அன்று அவர்களில் ஒருத்தி, “அக்கா, நாங்க வேணா பாதிக் கூலியைப் பொறுத்துக்கறோம்” என்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முழுக் கூலியையும் கொடுத்துவிட்டேன், காதில் கிடந்ததை அடகு வைத்து. ஈரோட்டுத் துணிக்காரரும் போனில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் கடனுக்குத் துணி போட்டார். அவருக்கும் பாக்கி போய்க்கொண்டிருக்கிறது. தறிக்காரன், சாயக்காரன், துணிக்காரன், தைக்கிறவள், குட்டியானைக்காரன் என்று இந்த வரிசை முழுக்க வாய் வார்த்தையில் ஓடுகிறது. ஒருத்தனும் ‘விலைதானே கேட்டேன்’ என்று சொல்வதில்லை. வசதி உள்ளவன் உட்கார்ந்திருக்கிற நுனியில் மட்டும் அது அறுந்துபோகிறது.

“எழுதி வாங்கியிருக்கணும்மா.” ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்லிவிட்டார்கள். வங்கியில் ஒருவர், ரேஷன் கடை வரிசையில் ஒருவர், என் சொந்தச் சித்தப்பா. அவர்களை எல்லாம் ஒருநாள் என் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அந்த மாதிரிக் கடைக்குப் போன் போட்டு, சார், பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்புங்க, பாதி அட்வான்ஸ் அனுப்புங்க என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன், இது நடந்த பிறகு, வேறொரு கடையில். “அட்வான்ஸா? உங்ககிட்டயா?” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. எழுதி வாங்க முடிகிறவர்களுக்குச் சட்டமே தேவைப்படாது.

சரி, சிறு தொழிலுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டம். உத்யம் பதிவு வைத்திருக்கிற என்னைப் போன்ற உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்தில் எவ்வளவு நாள் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். பேச்சே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. சரக்கைக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளும் சட்டம். தனி மன்றம் வைத்து விசாரிப்பார்கள். தோற்றவர் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால் முக்கால் பங்குப் பணத்தை முதலில் கட்டியாக வேண்டும். படிக்கப் படிக்க நம்மை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று மனசு குளிர்கிறது.

ஆனால் எல்லாமே சரக்கு கை மாறிய பிறகு. வாங்கிக்கொண்டு பணம் தராதவனைத்தான் அந்தச் சட்டம் பிடிக்கும். பின்வாசலிலேயே வண்டியைத் திருப்பி அனுப்பியவனை அது தொடாது! இது தெரிந்துதான் அந்த மேனேஜர் ஒரு கட்டைக்கூட இறக்க விடவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. இறக்கிவைத்து ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் என் கதையே வேறு. இப்போது எனக்கு மிச்சம், வாங்க மறுத்ததற்கு நஷ்ட ஈடு கேட்டு 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் சாதாரண சிவில் வழக்கு. வாய்தா, வாய்தா என்று.

அந்த வழக்கிலும் ஒரு முள். நஷ்டம் கேட்கிறவர் அந்த நஷ்டத்தைக் குறைக்கத் தன்னால் ஆனதைச் செய்தாரா என்று கோர்ட் பார்க்கும். வேறு யாருக்காவது விற்றுப் பார்த்தாயா என்றார் அக்கா. இன்னொரு கடைக்காரர் பெயர் போட்ட பையை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? அதிலும் ஆடி முடிந்து ஆவணியும் வந்துவிட்டது, பையில் ஆடித் தள்ளுபடி. திருப்பித் தைக்கலாம் என்றால் இரண்டு பக்கமும் அச்சு. மெக்கானிக் ஷெட்டுக்கு வேஸ்ட் துணி எடுக்கிறவர் கிலோ கணக்கில் கேட்கிறார். ஒரு ராத்திரி முழுக்கத் தைத்த காதுகளைப் பிரித்து, கிரீஸ் துடைக்கப் போடுவதற்கு!

நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வந்தது, ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். வெறும் விலை விசாரணைதான் நடந்தது, ஒப்பந்தம் எதுவும் முடிவாகவில்லை என்றும், அதற்கு ஆதாரமாக 1893ஆம் ஆண்டு ஜமைக்கா வழக்கு ஒன்றையும் காட்டியிருந்தார்கள். ஹார்வி என்பவர் தந்தி அடித்து, பம்ப்பர் ஹால் பென் என்ற நிலத்தை விற்கிறீர்களா, குறைந்தபட்ச விலை என்ன என்று கேட்டார். ஃபேஸி என்பவர் 900 பவுண்டு என்று மட்டும் பதில் தந்தி அடித்தார். ஹார்வி உடனே வாங்கிக்கொண்டேன் என்றார். விலை சொன்னது விற்கச் சம்மதித்ததாகாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் தள்ளிவிட்டது. நியாயமான தீர்ப்புதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஃபேஸி விலை சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். இத்தனை வேண்டும், இந்தத் தேதிக்கு வேண்டும், பச்சை அடர்த்தியாக வேண்டும், போடுங்க, தேதி தவறினால் எடுக்க மாட்டேன் என்று அவர் தந்தி மேல் தந்தி அடிக்கவில்லையே!

அதே பதிலில் கடைசிப் பத்தி ஒன்று இருக்கிறது. அக்கா அதைத் தமிழில் சொன்னபோது ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே வரவில்லை. எங்கள் கடையின் பெயரும் அடையாளமும் அச்சிட்ட பைகளை எங்கள் அனுமதியின்றி வெளியில் விற்றால் உங்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுப்போம், என்கிறார்கள்.

படித்துப் பாருங்கள் இதை. ஆர்டர் தரவில்லை, அதனால் வாங்க மாட்டார்கள். பெயர் அவர்களுடையது, அதனால் நானும் விற்கக் கூடாது. என் காசில் வாங்கிய துணி, என் கடனில் கலந்த மை, என் வீட்டுக் கூடத்தில் மூட்டையாகக் கிடந்து கரப்பான் ஏறட்டும் என்கிறார்களா? ஆர்டர் இல்லாமல் ஐயாயிரம் பையில் இவர்கள் பெயரையும் இரண்டு போன் நம்பரையும் அடித்து வைத்துக்கொள்ள எனக்கு என்ன வேண்டுதலா?

அந்தக் காகிதத்தைப் படித்த அன்றுதான் முடிவு செய்தேன். பெண்ணாக இருந்தால் வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். கோர்ட்டுக் கட்டணமும் அதில் அடக்கம். விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துவிட்டேன். மெசேஜ்களைச் சாட்சியமாக வைக்க 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றார்கள், அதற்கும் தயார். போனையே கொண்டுவந்து கூண்டில் ஏறிச் சொல்லவும் தயார். திரை கீறல் விழுந்த பழைய போன்தான். புதுசு வாங்கித்தருகிறேன் என்று மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், வழக்கு முடிகிறவரை தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். அதில் மேனேஜர் குரல் இருக்கிறது. தேதி தவறினா சரக்கு எடுக்க மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன், என்கிறது. தேதி தவறவில்லை சார். சரக்கை எடுங்க.